அமோரி வைத்த முட்டுக்கட்டை

வட பிரான்சின் சமவெளியில் மொர்வால் என்று ஓர் ஊர். அங்கே மாதாவுக்குக் கோயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். தாத்தன் காலத்தில் கடைக்கால் தோண்டியது, பேரன் காலத்திலும் முடிந்தபாடில்லை. ஊர்க்காரர்கள் அதற்காக அலட்டிக்கொள்ளவில்லை. பிறந்தபோது சாரம் நின்றது, சாகும்போதும் நிற்கும் என்று இருந்துவிட்டார்கள்.

அந்தக் கோயிலைப் பார்க்கத் தெற்கிலிருந்து அமோரி நடந்தே வந்தார். தாடி நரைத்த கொத்தனார். தன் சீமையில் அவரே ஒரு மேஸ்திரி. அவர் கட்டிய தேவாலயங்கள் எல்லாம் கோட்டை மாதிரி நின்றன. சுவர் ஒவ்வொன்றும் ஒரு மாட்டுவண்டி அகலம். சன்னல் என்று பேருக்கு ஒரு பொந்து. அப்படியும் அவருக்குப் போதவில்லை. ஒரு கோயிலை முடித்ததும் இது விழுந்துவிடுமோ என்று பயம் பிடித்துக்கொள்ளும். அடுத்த கோயிலின் சுவரை இன்னும் தடியாக வைப்பார். சன்னல் இன்னும் சுருங்கும்.

கடைசியாகக் கட்டிய கோயிலில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் கை தவறி மோதிரம் விழுந்துவிட்டது. பட்டப்பகல். ஆனாலும் மோதிரம் தெரியவில்லை. பெண் வீட்டார், பிள்ளை வீட்டார், பாதிரியார் உட்பட எல்லோரும் தரையில் தவழ்ந்தார்கள். விளக்கு கொண்டுவர ஆள் ஓடியது. எல்லோரும் சிரித்தார்கள். அமோரியால் சிரிக்க முடியவில்லை.

மறுவாரம் உளியையும் சுத்தியலையும் சாக்கில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வடக்கே எங்கேயோ கண்ணாடியால் கோயில் கட்டுகிறார்கள் என்று ஒரு வியாபாரி சொல்லியிருந்தான்.

மொர்வால் கோயிலுக்குள் காலை வைத்ததும் அவர் முதலில் தேடியது சுவரைத்தான். சுவரைக் காணோம். மெல்லிய தூண்கள் மேலே மேலே ஏறிப் போயின. தூணுக்கும் தூணுக்கும் நடுவே நீலமும் சிவப்புமாகக் கண்ணாடி. கண்ணாடிக்குள் கதைகள். நோவா கப்பல் கட்டினான். ரொட்டிக்காரர்கள் மாவு பிசைந்தார்கள். ஒருத்தி மீன் கூடையோடு நின்றாள். கீழே எழுத்தறியாத ஜனங்கள் ஒருவருக்கொருவர் விரலை நீட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அமோரி அண்ணாந்து பார்த்தார். மேலே, கழுத்து வலிக்கும் உயரத்தில், விலா எலும்பு மாதிரி வளைந்த கல்விலாக்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கூரையைத் தாங்கின.  பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வாசலுக்கு வெளியே வந்துவிட்டார்.

வெளியே கொட்டகையில் ஒரு பெண்மணி சுண்ணாம்பு பூசிய தரையில் மண்டியிட்டு, பெரிய கவராயம் ஒன்றால் வளைவு கீறிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும்.

"மேஸ்திரியைப் பார்க்கவேண்டும்" என்றார் அமோரி.

"சொல்லுங்கள்."

அமோரி அந்தப் பெண்மணியைத் தாண்டிக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

"அங்கே யாரும் இல்லை, பெரியவரே. மேஸ்திரி நான்தான்."

அவர் பெயர் எர்சாந்து. முன்பு மேஸ்திரியாக இருந்த கணவர் காய்ச்சலில் போய்விட்டார். அவர் தரையில் வரைந்து வைத்திருந்த கோடுகளைப் படிக்கத் தெரிந்த ஆளை, கோயிலைக் கட்டுவித்த ஆயர் நாடெங்கும் தேடினார். பாதிக் கோடுகளை வரைந்தவளே வீட்டில்தான் இருக்கிறாள் என்பது தாமதமாகத் தெரியவந்தது. இப்போது ஊரே அவரை மேஸ்திரியம்மா என்றது.

அமோரி சுற்றி வளைக்கவில்லை. "அந்தக் கோயில் ஏன் விழவில்லை?"

"விழத்தான் பார்க்கிறது."

"என்னம்மா சொல்கிறீர்கள்?"

"வாருங்கள்."

எர்சாந்து அவரைக் கோயிலின் பக்கவாட்டுக்கு அழைத்துப்போனார். அங்கே கோயிலைவிட்டுத் தள்ளிக் கனத்த கல்தூண்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு தூணிலிருந்தும் ஒரு அரைவளைவு அந்தரத்தில் பாய்ந்து, கோயிலின் தோளில் போய் ஊன்றியிருந்தது. சாய்கிற வண்டியை ஊரே கூடிக் கை கொடுத்துத் தாங்குகிற மாதிரி.

பக்கத்தில் தச்சர் ஜோஸ் மரம் இழைத்துக்கொண்டிருந்தார். எர்சாந்து அவரைக் கூப்பிட்டார்.

"ஜோஸ், பெரியவருக்கு எதிரே நில்லுங்கள். இரண்டு பேரும் கையை மேலே தூக்கி உள்ளங்கையோடு உள்ளங்கை வையுங்கள். இப்போது காலைப் பின்னால் தள்ளிக்கொண்டே போங்கள்."

இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். அமோரியின் கால் புல்லில் வழுக்கியது.

"எங்கே போகிறது கால்?"

"வெளியே."

எர்சாந்து தன் காலை அவர் குதிகாலுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். வழுக்கல் நின்றது.

"உருண்டை வளைவு காலைப் பக்கவாட்டில் உதைக்கும். உச்சியைக் கூராக்கினால் உதை பாதி கீழே இறங்கிவிடும். மிச்ச உதையை வெளியே நிற்கிற இந்தத் தூண்கள் வாங்கிக்கொள்கின்றன."

"அப்படியானால் சுவருக்கு என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்லை. அதனால்தான் கண்ணாடி வைத்தோம்."

அமோரி அந்தத் தூணை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு சாக்கைக் கீழே வைத்தார்.

"என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அம்மா."

"நீங்களே மேஸ்திரி ஆயிற்றே."

"இங்கே இல்லை."

எர்சாந்து அவருடைய கைகளைப் பார்த்தார். "நாளைக்கு வாருங்கள். விலாக்கல் செதுக்க ஆள் வேண்டும்."

இப்படியாக அந்த வயதில் அமோரி சீடரானார்.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் செதுக்கிய கல் பக்கத்துக் கல்லோடு பல்லும் பல்லுமாகப் பொருந்தும். ஆனால் மனிதரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. விடிந்ததும் கோயிலுக்குள் நுழைந்து சுத்தியல் காம்பால் தூண் தூணாகத் தட்டுவார். காதை வைத்துக் கேட்பார். சாந்துக்குள் ஆணியைச் செருகிப் பார்ப்பார். தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார். நேற்றும் இதே இடத்தில்தான் தொங்கியது. இருந்தாலும் தொங்கவிடுவார்.

"பெரியவர் கோயிலுக்கு நாடி பார்க்கிறார்" என்று ஆட்கள் சிரித்தார்கள்.

அவரிடம் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை.

"இந்தத் தூண் இவ்வளவு ஒல்லியாக இருந்தால் போதும் என்று எப்படித் தெரியும்?"

"பக்கத்து ஊர்க் கோயிலில் இதே தூண் நிற்கிறது."

"இது அதைவிட உயரம் ஆயிற்றே."

"கொஞ்சம் உயரம்."

"அந்தக் கொஞ்சத்துக்கு என்ன கணக்கு?"

"அந்தக் கொஞ்சத்துக்கு ஜெபம்" என்று சொல்லிவிட்டு எர்சாந்து குனிந்து வளைவைக் கீறினார்.

அமோரிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஐப்பசி வாக்கில் ஒரு நாள் பெருமழை பிடித்தது. காற்று ஓடுகளைப் பிய்த்தது. ஆட்கள் எல்லோரும் கொட்டகைக்குள் ஒண்டினார்கள். அமோரியை மட்டும் காணவில்லை. ஜோஸ் தேடிக்கொண்டு போனார். வடக்குப் பக்கத்தில் கோயிலுக்கு வெளியே நிற்கிற முட்டுத்தூணில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் சேற்றில் ஊன்றி அமோரி நின்றுகொண்டிருந்தார். தாடியிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"என்ன பெரியவரே, கோயிலை நீங்களா பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?"

அமோரி காலை இன்னும் ஆழமாக ஊன்றினார். தூணைவிட்டு விலகவில்லை.

ஜோஸ் போய்ச் சொன்னார். எர்சாந்து தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். அவர் சிரிக்கவில்லை. மேலே கையைக் காட்டினார். கூரை விளிம்பிலிருந்து கல் மிருகங்கள் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன. நாய் முகம், சிங்க முகம், பெயர் தெரியாத பிசாசு முகம். எல்லா வாய்களிலிருந்தும் மழைத்தண்ணீர் பீறிட்டது.

"எங்கே விழுகிறது தண்ணீர்?"

"கோயிலைவிட்டுத் தள்ளி."

"நேற்று அந்த நாயைத் தட்டிப் பார்த்தீர்களே, என்ன சத்தம் கேட்டது?"

"கல்லில் விரிசல் இல்லை என்று தெரிந்தது."

"அது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்ததா?"

அமோரி மழையில் நின்றபடியே அண்ணாந்து பார்த்தார். அவருக்குக் குளிரில் உதடு நடுங்கியது.

"வந்து கஞ்சி குடியுங்கள்" என்றார் எர்சாந்து. "உங்களை நம்பி அது நிற்கவில்லை."

அந்தப் பேச்சு அமோரியைத் தைத்தது. ஆறுதலாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று அவருக்கே விளங்கவில்லை.

குளிர்காலம் முழுதும் கல் செதுக்கினார்கள். வசந்தத்தில் கோயிலின் மேற்குக் கோடியில், நான்கு தூண்களுக்கு நடுவே உள்ள கடைசிக் கட்டத்துக்குக் கூரை வளைத்தார்கள். கீழே காடு மாதிரி மரச்சாரம். அதன்மேல் வளைத்த பலகைச் சட்டங்கள். சட்டத்தின்மேல் விலாக்கல்லை ஒவ்வொன்றாக அடுக்கி, நான்கு விலாக்களும் கூடுகிற உச்சியில் பூட்டுக்கல்லை இறக்கினார்கள். விலாக்களுக்கு நடுவே மெல்லிய கற்களால் மூடினார்கள். பூட்டுக்கல்லை அமோரிதான் செதுக்கியிருந்தார். ரோஜா இதழும் நடுவே ஒரு சிரித்த முகமும்.

கோடை முழுதும் சாந்து இறுகக் காத்திருந்தார்கள். மாதா விண்ணேறிய திருநாளுக்கு அந்தக் கூரையின்கீழ் முதல் பூசை வைப்பதென்று ரெனியே பாதிரியார் ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டார். கட்டுமானத்தை ஆயரின் சார்பில் பார்த்துக்கொண்டவர் அவர்தான். இனிச் சாரத்தை இறக்கவேண்டும்.

இறக்குவது ஒரே நாள் காரியம் இல்லை. சட்டங்களுக்கு அடியில் செருகியிருக்கும் ஆப்புகளை எல்லாப் பக்கமும் ஒரே சீராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தவேண்டும். மரம் விலக விலகக் கல் கீழே உட்காரும் என்றார் எர்சாந்து.

"உட்காருமா?" அமோரியின் குரல் மாறிவிட்டது. "அசையுமா?"

"அசையாமல் எப்படி? இதுவரை மரத்தின்மேல் படுத்துக்கிடந்தது. இனிமேல்தான் ஒரு கல் அடுத்த கல்லின்மேல் தன் கனத்தைப் போடும்."

"எவ்வளவு அசையும்?"

"விரல் தடிமன். சில சமயம் இரண்டு."

"வடக்குப் பக்கத்து முட்டு மெலிசாக இருக்கிறது, அம்மா. கீழ்ச்சன்னலைக் கல்லால் அடைத்துவிடுவோம். கண்ணாடி இன்னும் வைக்கவில்லை. கெட்டுப்போகாது. மனதுக்கு ஒரு நிம்மதி."

"யார் மனதுக்கு?"

 அமோரியின் கால்கள் அடங்கவில்லை. அன்று காலை முழுதும் அந்தக் கட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

மதியம் ஆட்கள் சாப்பிடப் போனார்கள். அமோரி போகவில்லை. கருவாலி மரக்கட்டை ஒன்று, ஆள் உயரம், தொடைத் தடிமன், மூலையில் கிடந்தது. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு சாரம் ஏறினார். வடக்கு விலாவின் நடுவயிற்றில் கட்டையை நிமிர்த்தி முட்டுக் கொடுத்தார். அடியில் ஆப்பை வைத்து, அசையாதபடி அடித்து இறுக்கினார். அத்தனை மரங்களுக்கு நடுவே இன்னொரு மரம். யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்? திருநாள் முடிந்தபின் மெல்ல எடுத்துவிடலாம் என்று எண்ணினார்.

அன்றிரவு அவர் நன்றாகத் தூங்கினார்.

காலையில் ஆப்பு தளர்த்தும் வேலை தொடங்கியது. எர்சாந்து கீழே நின்று குரல் கொடுத்தார். ஜோஸும் அவருடைய ஆட்களும் மேலே ஆளுக்கொரு மூலையில் ஆப்பைத் தட்டினார்கள். மரம் முனகியது. சாந்துத் தூள் உதிர்ந்தது. கூரை உட்காரத் தொடங்கியது. தெற்கு, கிழக்கு, மேற்கு மூன்றும் ஒன்றாக இறங்கின.

"வடக்கு வரவில்லை!" என்று ஜோஸ் மேலிருந்து கத்தினார். "சட்டம் விலகிவிட்டது. ஆனால் கல் இறங்கவில்லை."

"நிறுத்துங்கள்! எல்லோரும் நிறுத்துங்கள்!"

நிறுத்துவதற்குள் சத்தம் கேட்டது. கேட்டவர்கள் பிறகு அதை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். அமோரிக்கு எலும்பு முறிகிற மாதிரி கேட்டது. வடக்கு விலாவில், அவர் கட்டை முட்டிய இடத்துக்கு மேலே, கல் வாய் பிளந்தது. மூடுகற்களில் ஒன்று நழுவி ஜோஸின் தோளில் மோதி, சாரத்தில் பட்டுத் தெறித்துக் கீழே தரையில் சிதறியது.

ஜோஸைக் கயிறு கட்டி இறக்கினார்கள். தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. முகம் சாம்பலாக வெளுத்திருந்தது. ஆட்கள் வெளியே ஓடினார்கள். செய்தி கேட்டு ரெனியே பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"முட்டு மெலிசா? கணக்குப் பிசகா?" என்று கேட்டார்.

எர்சாந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியவில்லை, சுவாமி. வடக்கில் ஏதோ பிடித்திருக்கிறது."

"ஆயருக்கு நான் என்ன சொல்ல? சன்னல்களை எல்லாம் அடைக்கச் சொல்வார். உங்களையும் போகச் சொல்வார்."

"சொல்லட்டும். முதலில் அது என்னவென்று பார்க்கிறேன்."

 ஜோஸ் தரையில் முனகிக்கொண்டிருந்தார். அவர் தோளில் ரத்தம் சட்டையை நனைத்துப் பரவியது.

"நான்தான்" என்றார் அமோரி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நேற்று மதியம் ஒரு முட்டுக்கட்டை வைத்தேன். வடக்கு விலாவுக்கு அடியில். விழுந்துவிடக் கூடாது என்று வைத்தேன்."

 பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டார். தச்சர்களில் ஒருவன் சுத்தியலை ஓங்கிக்கொண்டு வந்தான். எர்சாந்து கையை நீட்டித் தடுத்தார். அவர் முகத்தில் கோபம் இருந்ததா என்று அமோரியால் பார்க்க முடியவில்லை. தலையை நிமிர்த்தவே முடியவில்லை.

"ஆப்பை எந்தப் பக்கமிருந்து அடித்தீர்கள்?"

"கிழக்கிலிருந்து."

"ஒற்றை ஆப்பா, எதிரெதிர் இரண்டா?"

"ஒற்றை."

"எவ்வளவு இறுக்கம்?"

"என் பலம் கொண்டமட்டும்."

எர்சாந்து பாவாடையை இடுப்பில் செருகினார். "வாருங்கள். நீங்கள் அடித்த ஆப்பு. உங்கள் கைக்குத்தான் அது தெரியும்."

"மேஸ்திரியம்மா, வேண்டாம்" என்றார் பாதிரியார். "முழுக் கனமும் அந்தக் கட்டைமேல்தானே நிற்கிறது? எடுத்தால் கூரையே வரும்."

"எடுக்காவிட்டாலும் வரும், சுவாமி. எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள்."

இருவரும் சாரம் ஏறினார்கள். அமோரிக்கு ஏணிப்படி ஒவ்வொன்றும் வழுக்கியது. மேலே போனதும் கட்டையைப் பார்த்தார். நேற்று நேராக நின்றது. இன்று வில் மாதிரி வளைந்து, உள்ளுக்குள் மெல்ல நொறுங்கிக்கொண்டிருந்தது. மேலே விலாவில் விரிசல். அதற்குள் வெளிச்சம் தெரிந்தது.

எர்சாந்து உள்ளங்கையை விலாக்கல்லில் வைத்தார். "மேற்கிலிருந்து தட்டுங்கள். ஒரே ஒரு தட்டு."

அமோரி தட்டினார். ஆப்பு மயிரிழை நகர்ந்தது. மேலே கல் உறுமியது. அவர் ஏணியை நோக்கிப் பாய்ந்தார்.

"எங்கே?"

"வருகிறது! கல் வருகிறது!"

"வரட்டும். அதற்காகத்தானே தட்டினீர்கள்?"

அமோரி திரும்பி வந்தார்.  "ஒரேயடியாகத் தட்டி எடுத்துவிட்டால் என்ன, அம்மா? எதுவானாலும் நொடியில் முடிந்துவிடும்."

"வேண்டாம். அது வருவதற்கு நேரம் கொடுங்கள்."

எர்சாந்து கண்ணை மூடிக்கொண்டு கல்லில் கை வைத்திருந்தார். உறுமல் அடங்கியது.

"தட்டுங்கள்."

தட்டினார். மறுபடி உறுமல். சாந்து உதிர்ந்து கண்ணில் விழுந்தது. இருவரும் காத்திருந்தார்கள்.

"தட்டுங்கள்."

அப்படியே போய்க்கொண்டிருந்தது. தட்டுவது எளிதாக இருந்தது. தட்டிவிட்டுச் சும்மா நிற்பதுதான் அமோரியைக் கொன்றது. ஒவ்வொரு முறையும் கால் ஓடப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் மேலே இருக்கிற கல்லைக் கையால் தாங்கிப் பிடிக்கப் பார்த்தார். ஒருமுறை பிடித்தும்விட்டார். எர்சாந்து கண்ணைத் திறந்து அந்தக் கையைப் பார்த்தார். அமோரி கையை எடுத்துக்கொண்டார்.

வெயில் மேற்குச் சன்னலுக்கு வந்தபோது கட்டை ஆடத் தொடங்கியது. அமோரி அதை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார். பாரம் இல்லாத வெறும் மரம். இரண்டு கையாலும் அணைத்து அதை வெளியே எடுத்தார். கூரை நின்றது. விரிசல் கோடாகச் சுருங்கியிருந்தது. கட்டையைக் கட்டிப்பிடித்தபடியே சாரத்தில் உட்கார்ந்து அமோரி அழுதார்.

மறுநாள் ஜோஸைப் பார்க்கப் போனார். வைத்தியர் தோளை மரப்பட்டை வைத்துக் கட்டியிருந்தார். ஜோஸின் மனைவி கதவைத் திறந்து, அவர் முகத்தைப் பார்த்ததும் சாத்தப் போனாள்.

"விடு, வரட்டும்" என்றார் ஜோஸ் உள்ளேயிருந்து.

அமோரி கட்டிலருகே நின்றார். "என்னை நாலு வார்த்தை கேளுங்கள், ஜோஸ்."

"கேட்டால் எலும்பு கூடிவிடுமா? இந்தக் குளிர்காலம் முழுக்க என்னால் இழைப்புளி பிடிக்க முடியாது. நீங்கள் வந்து பிடியுங்கள்."

"எனக்கு மரவேலை தெரியாதே."

"அது எனக்குத் தெரியாதா? நீங்கள் நிறுத்திய மரத்தைத்தான் பார்த்தேனே" என்றார் ஜோஸ். பல்லைக் கடித்துக்கொண்டே கொஞ்சம் சிரித்தார். சிரித்ததில் தோள் வலித்து ஏசினார்.

அமோரி கொட்டகைக்கு வந்து தன் சாக்கில் உளிகளைக் கட்டினார். எர்சாந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

"எங்கே பயணம்?"

"போகச் சொல்வீர்கள் என்று நினைத்தேன்."

"ஆயர் சொன்னார். அந்த ஆப்பைப் பிடுங்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன். அந்த விரிசலுக்கு யார் சாந்து வைப்பது?"

"இப்போதே வைத்துவிடுகிறேன்."

"இப்போது வேண்டாம். குளிர்காலம் கழியட்டும். எங்கே நிற்பதென்று கல் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது."

திருநாளுக்கு வைத்திருந்த பூசை தள்ளிப்போயிற்று. இலையுதிர்காலத்தில் சன்னல்களுக்குக் கண்ணாடி வைத்தார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை நடந்தது. ஊரே திரண்டது. தோள்கட்டோடு ஜோஸும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார், விரிசல் விட்ட அந்தக் கூரைக்கு நேர் கீழே.

அமோரியைக் கீழே காணவில்லை. எர்சாந்து மாடிப்படி ஏறிப்போனார். கல்கூரைக்கும் ஓட்டுக்கூரைக்கும் நடுவே இருட்டான பரண் ஒன்று உண்டு. அங்கிருந்து பார்த்தால் கீழே அத்தனை அழகாக வளைந்திருப்பது, கவிழ்த்துப்போட்ட பானைகளின் முதுகு மாதிரி கரடுமுரடாகத் தெரியும். அமோரி அந்தக் கல்முதுகின் ஓரத்தில் குந்தியிருந்தார். ஒரு உள்ளங்கை கல்லின்மேல். கீழேயிருந்து பாட்டுச் சத்தம் கல்வழியே ஏறிவந்தது.

எர்சாந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கீழே வரவில்லையா?"

"உள்ளங்கையில் அதிர்கிறது, அம்மா."

"பாடுகிறார்கள்."

"அது இல்லை. அதற்கும் அடியில் ஒன்று. இந்தக் கல் அந்தக் கல்லைத் தள்ளுகிறது. அது இதைத் தள்ளுகிறது. ராத்திரியும் பகலும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். எனக்கு இப்போதெல்லாம் அது தெரிகிறது."

எர்சாந்து தலையை ஆட்டினார்.

அமோரி கையை எடுத்தார். மறுபடி வைத்தார். அவருடைய முழங்கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"இந்தத் தள்ளல் எப்போது ஓயும், அம்மா?"

கீழே பாட்டு உச்சத்துக்கு ஏறியது. எர்சாந்து அது இறங்கும்வரை காத்திருந்தார்.

"ஓயும், பெரியவரே. அது ஓய்கிற அன்று உள்ளே யாரும் இருக்கக் கூடாது."